திறந்த போத்தல் எத்தனை நாள் தாங்கும்?



கமம் செய்யும் குடும்பங்கள் வாசிக்கும் இப்பக்கங்களில் வைன் போத்தலைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடும். குடிப்பதற்கு வழிகாட்ட நாம் இதனை எழுதவில்லை. எமது கிராமங்களில் மதுவினால் உடைந்த வீடுகளின் தொகையை நாம் அறிவோம். ஆனால் ஒவ்வொரு சிற்றாலயத்திலும் ஒரு திராட்சை ரசப் போத்தல் இருக்கிறது. அதனைப் பாதுகாக்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்களில் ஒருவருடைய கையிலேயே இருக்கிறது. அத்தோடு, திறந்த போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், வீட்டில் இருக்கும் வினாகிரி, நெல்லி ரசம், எண்ணெய் ஆகியவை ஏன் பழுதாகின்றன என்பதும் விளங்கிவிடும்.

இந்தப் பாடத்தை நாம் கற்றது எமது சொந்தப் பிழையிலிருந்து. 2010ஆம் ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்று அதிக காலம் ஆகவில்லை. முகாம்களிலிருந்து திரும்பி வந்த ஏறக்குறைய நாற்பது குடும்பங்கள் வன்னியில் ஒரு கிராமத்தில் தறப்பாள் கொட்டில்களில் இருந்தன. ஆலயமும் நான்கு கப்பில் கட்டிய ஒரு தறப்பாள்தான். திருப்பலிப் பொருட்களை வைக்க மட்டும் பழைய தகரத்தால் மூடிய ஒரு சிறு அறை இருந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாம் அங்கு செல்வோம். நண்பர் ஒருவர் தந்த சிவப்பு வைன் போத்தல் ஒன்றை அங்கே திறந்து, தக்கையை மீண்டும் இறுக்கி, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் ஒப்படைத்தோம். இரண்டாம் முறை சென்றபோது அதன் மணம் சிறிது மாறியிருந்தது. நாம் அதனைப் பெரிதாக எடுக்கவில்லை. நான்காம் முறை, அதாவது ஆறு கிழமை கழித்து, போத்தலைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் அடித்தது. மேலே மெல்லிய ஆடையும் படர்ந்திருந்தது.

சனங்கள் வந்து நிலத்தில் அமர்ந்துவிட்டார்கள். போரில் இறந்த தம் பிள்ளைக்காக அன்றைய பூசையை ஒப்புக்கொடுக்கும்படி ஒரு குடும்பம் கேட்டிருந்தது. வினாகிரியை வைத்துத் திருப்பலி நிறைவேற்ற முடியாது. ஒரு இளைஞன் சைக்கிளில் அடுத்த பங்குக்குப் போய்ச் சிறு போத்தலில் ரசம் வாங்கிவரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பூசை தொடங்கும்போது வெயில் உச்சியில் நின்றது.

பெரியவர் தலைகுனிந்து நின்றார். "நான்தான் பழுதாக்கிப் போட்டன் சுவாமி" என்றார். பிழை அவருடையது அல்ல. எந்த வைனை எவ்வளவு காலம் வைக்கலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காத எம்முடையதே. சிறிது நேரம் கழித்து அவர், "அடுத்த முறை ஒரு மூடி சாராயம் விட்டு வைச்சால் என்ன சுவாமி? சாராயம் புளிக்காதுதானே" என்று கேட்டார். அப்போது எமக்குச் சிரிப்புத்தான் வந்தது. பின்னர் யோசித்துப் பார்த்தபோது, சில நூற்றாண்டுகளுக்கு முன்பு போர்த்துக்கல் நாட்டில் வணிகம் செய்தவர்கள் கண்ட வழியையே அந்த மனிதர் தன் சொந்தப் புத்தியால் கண்டுபிடித்திருக்கிறார் என்பது விளங்கியது.

கள்ளை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவது கருப்பநீர். சுண்ணாம்பு இல்லாத முட்டியில் இறங்குவது கள்ளு. காலையில் இனிப்பாக இருக்கும் கள்ளு மாலையில் புளிக்கிறது. அப்படியே சில கிழமைகள் விட்டுவிட்டால் வினாகிரியாகிறது. இங்கு இரண்டு வேலையாட்கள் ஒருவர்பின் ஒருவராக வேலை செய்கிறார்கள். முதலாமவர் மதுவம். அது சீனியைத் தின்று மதுசாரமாக மாற்றுகிறது. அதற்குக் காற்று அவசியமில்லை. இரண்டாமவர் ஒரு வகைப் பற்றீரியா. அது மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக, அதாவது வினாகிரியின் புளிப்பாக மாற்றுகிறது. அதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசன் கட்டாயம் வேண்டும். காற்று இல்லாவிட்டால் அதனால் பெருகவோ வேலை செய்யவோ முடியாது.

இதனைத் தெளிவாக நிறுவியவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். பிரான்சின் வைன்கள் ஏன் பழுதாகின்றன என்று ஆராயும்படி 1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவரைக் கேட்டுக்கொண்டார். வைனைப் பற்றிய அவரது நூல் 1866இலும், வினாகிரியைப் பற்றிய நூல் 1868இலும் வெளிவந்தன. பாலைச் சூடாக்கிப் பாதுகாக்கும் முறைக்கு இன்று அவருடைய பெயரே வழங்குகிறது. ஆனால் அம்முறையை அவர் கையாண்டது முதலில் வைனைக் காப்பாற்றுவதற்காக என்பதைப் பலர் அறியார்.

கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு 5 அளவில் இருக்கும். சாதாரண வைனில் 11 முதல் 14 வரை இருக்கும். இந்த அளவுகளில் இரண்டாம் வேலையாளுக்குத் தடையில்லை. 15ஐத் தாண்டும்போது அதற்கு மூச்சுத் திணறுகிறது. 18, 20 என்றால் அதனால் வேலை செய்யவே இயலாது. முதலாம் வேலையாளான மதுவமும் ஏறக்குறைய 16இல் தான் உண்டாக்கிய மதுசாரத்தினாலேயே ஓய்ந்துவிடுகிறது. ஆகவே திராட்சைச் சாறு தானாக நொதித்து 18, 20 என்ற நிலைக்கு வருவது அரிது. அந்த அளவு வேண்டுமென்றால் வெளியிலிருந்து மதுசாரத்தைக் கூட்டவேண்டும். அவ்வாறு கூட்டிய வைனைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அடிக்கடி போர் நடந்தது. பிரெஞ்சு வைன் கிடைக்காத ஆங்கில வணிகர் போர்த்துக்கலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கை நாடினார்கள். 1703இல் இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட மெதுவென் ஒப்பந்தம் இவ்வியாபாரத்தைப் பெருக்கியது. பீப்பாவில் ஏற்றிய வைன் கடற்பயணத்தில் புளித்துப்போகாமல் இருக்க, அதில் திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சிறிது ஊற்றினார்கள். பின்னர் அதுவே செய்முறையாகிவிட்டது. இன்று போர்ட் வைன் செய்பவர்கள், சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கு 77 மதுசாரமுள்ள திராட்சைச் சாராயத்தைக் கலக்கிறார்கள். பழைய கணக்கின்படி 435 லீற்றர் சாற்றுக்கு 115 லீற்றர் சாராயம். இரண்டும் சேர்ந்து 550 லீற்றர் பீப்பா ஒன்றை நிரப்பும். மதுவம் அந்த இடத்திலேயே மடிந்துவிடுவதால் மிச்சச் சீனி அப்படியே தங்கிவிடுகிறது. போர்ட் இனிப்பாக இருப்பதற்குக் காரணம் அதுவே. முடிவில் மதுசாரம் 19 முதல் 22 வரை நிற்கும்.

அப்படியானால் மதுசாரம் கூட்டிய வைன் திறந்தபின் பழுதாகவே மாட்டாதா? இங்குதான் பலர் தவறு விடுகிறார்கள். மதுசாரம் பற்றீரியாவைத் தடுக்கும். காற்றைத் தடுக்காது. பற்றீரியா இல்லாமலும் ஒட்சிசன் தானாகவே வைனோடு சேர்ந்து அதனை மெல்ல மெல்ல மாற்றுகிறது. வெட்டிய வாழைக்காய் கறுப்பதைப் போன்றது இது. சிவப்பு நிறம் மண்ணிறமாகும். பழ மணம் போய்விடும். கச்சான் அல்லது காய்ந்த பழத்தின் மணம் வரும். பின்னர் அதுவும் மங்கி வெறும் சப்பென்று ஆகிவிடும். அது வினாகிரி ஆவதில்லை, வயிற்றுக்குத் தீங்கு செய்வதுமில்லை. ஆனால் அது பழைய வைனும் அல்ல.

எனவே எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நாம் வாசித்தும் பார்த்தும் அறிந்த விதி ஒன்றைச் சொல்லலாம். செய்யப்படும்போதே காற்றோடு பழகிய வைன், திறந்தபின் அதிக காலம் தாங்கும். காற்றே படாமல் போத்தலுக்குள் வளர்ந்த வைன் சீக்கிரம் களைத்துவிடும்.

போர்ட்டிலேயே இதனைக் காணலாம். ஒரு நல்ல ஆண்டின் திராட்சையில் செய்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் போத்தலில் அடைத்து, பத்து இருபது ஆண்டுகள் படுக்கவைத்து வளர்க்கும் போர்ட் மிகவும் விலைகூடியது. அதனைத் திறந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துவிடவேண்டும் என்கிறார்கள். சாதாரண செந்நிறப் போர்ட் இரண்டு முதல் நான்கு கிழமை தாங்கும். சிறிய மரப்பீப்பாக்களில் பல ஆண்டுகள் கிடந்து, மரத்தின் நுண்துளைகளூடாகக் காற்றைச் சிறிது சிறிதாக உள்வாங்கிப் பழுப்பு நிறமான போர்ட்டோ ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நிற்கும். எல்லாம் ஒரே பள்ளத்தாக்கின் திராட்சை, ஒரே அளவு மதுசாரம். காற்றோடு இருந்த பழக்கம் மட்டுமே வேறு.

ஸ்பெயின் நாட்டின் தெற்கில் ஹெரெஸ் நகரைச் சுற்றிச் செய்யப்படும் ஷெரியிலும் இதே கதைதான். பீனோ என்ற வெளிறிய வகையில் மதுசாரத்தை 15 அளவில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவில் ஒரு வகை மதுவம் உயிரோடு இருந்து, பீப்பாவில் வைனின் மேல் வெண்மையான ஆடையாகப் படர்ந்து, காற்றுப் படாமல் போர்வைபோல் மூடிக் காக்கிறது. போத்தலில் அடைக்கும்போது அந்தப் போர்வை போய்விடுகிறது. ஆகவே திறந்தபின் பீனோ குளிரில் வைத்தாலும் ஒரு கிழமைக்கு மேல் நல்லாயிராது. ஒலொரோசோ என்ற மற்ற வகைக்கு மதுசாரத்தை 17க்கு மேல் உயர்த்துகிறார்கள். மதுவ ஆடை உண்டாவதில்லை. வைன் பல ஆண்டுகள் நேரே காற்றோடு இருந்து கருமையாகிறது. அது திறந்தபின் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும். சிசிலித் தீவின் மர்சாலாவும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும். ஆங்கில வணிகர் யோன் வுட்ஹவுஸ் 1773இல் அதனைக் கப்பலேற்றியபோது, போர்ட்டைப்போலவே அதிலும் சாராயம் சேர்த்தே அனுப்பினார்.

எல்லாவற்றிலும் நீண்டகாலம் நிற்பது மதேய்ரா. அத்திலாந்திக் சமுத்திரத்தில் போர்த்துக்கலுக்குச் சொந்தமான தீவு அது. எமது கரைக்கு 1505இல் வந்த போர்த்துக்கேயரின் கப்பல்களைப் போன்றவை கிழக்கு நோக்கிப் போகும் வழியில் தங்கும் இடம். அங்கிருந்து பீப்பாக்களில் ஏறிய வைன் வெப்பமண்டலக் கடல்களில் மாதக்கணக்காக வெந்து, குலுங்கி, சில வேளைகளில் விலைபோகாமல் அப்படியே திரும்பி வந்தது. திரும்பி வந்ததைச் சுவைத்துப் பார்த்தவர்கள் அது போகும்போது இருந்ததைவிட நன்றாக இருக்கக் கண்டார்கள். பின்னர் பயணத்திற்காகவே பீப்பாக்களை ஏற்றி இறக்கினார்கள். இப்போது கப்பல் தேவையில்லை. தொட்டியில் 45 முதல் 50 பாகை செல்சியசில் குறைந்தது மூன்று மாதம் சூடாக்குகிறார்கள், அல்லது வெப்பமான மேல்மாடங்களில் பீப்பாக்களை ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். காற்றும் வெப்பமும் செய்யக்கூடியதையெல்லாம் ஏற்கெனவே செய்துமுடித்துவிட்ட வைன் அது. திறந்த மதேய்ராப் போத்தல் ஒரு வருடத்திற்கு மேலும் குறைவின்றி இருக்கும். அலைக்கழிந்து திரும்பியதே உறுதியாக நிற்கிறது என்று இதனை வைத்து ஒரு பிரசங்கம் செய்ய எமக்கும் ஆசைதான். அலைந்தவர்களிடமே அதனைச் சொல்வது அழகல்ல என்பதால் விட்டுவிடுகிறோம்.

மேலே சொன்ன காலங்கள் குளிர்ந்த நாடுகளுக்கும் குளிர்சாதனப்பெட்டிக்கும் உரியவை. பொதுவாக வெப்பம் 10 பாகை கூடினால் இத்தகைய மாற்றங்கள் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகும். தகரக் கூரைக்குக் கீழ் பங்குனி, சித்திரை மாதங்களில் 35 பாகைக்கு மேல் போகும் அறையில், ஒரு மாதம் என்று சொன்னது பத்து நாளாகச் சுருங்கினாலும் வியப்பதற்கில்லை.

இனித் திருப்பலி ரசத்திற்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் இலக்கம், அந்த ரசம் திராட்சைப் பழத்திலிருந்து வந்த இயற்கையான ரசமாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. முற்றாக வினாகிரியாகிவிட்டதைக் கொண்டு செய்வது திருப்பலியே ஆகாது. புளிக்கத் தொடங்கியதைத் தெரிந்துகொண்டே பாவிப்பது குருவின் பெரும் குற்றம் என்று பழைய பூசைப் புத்தகத்தின் குறிப்புக்கள் கண்டிப்பாகக் கூறின. ஆனால் நிறம் மங்கி, மணம் குறைந்து, காற்றுப்பட்டு மாறிய ரசம் வேறு. அது இன்னமும் ரசமே. இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிவது ஆலயப் பணியாளருக்கு மிக அவசியம். மூக்கே நல்ல கருவி. வினாகிரி மணம், நகப்பூச்சு மணம், மேலே ஆடை, கலங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குருவிடம் உடனே சொல்லுங்கள், பூசை மணி அடித்தபின் அல்ல. கச்சான் மணமும் மண்ணிறமும் மட்டும் என்றால் பயப்படவேண்டாம்.

பெரியவர் கேட்ட சாராயக் கேள்விக்கும் திருச்சபை எப்போதோ விடை சொல்லியிருக்கிறது. தூர இடங்களுக்கு அனுப்பும் மெலிந்த ரசம் வழியில் புளித்துப்போவதை வேதபோதகர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1896 ஓகஸ்ட் 5ஆம் திகதி உரோமையின் விசாரணைச் சபை மூன்று நிபந்தனைகளோடு மதுசாரம் கூட்ட இடம் கொடுத்தது. கூட்டும் சாராயம் திராட்சையிலிருந்தே வடித்ததாக இருக்கவேண்டும். இயற்கையாக உள்ளதும் கூட்டியதும் சேர்ந்து நூற்றுக்கு 18ஐத் தாண்டக்கூடாது. நொதித்தல் நடந்துகொண்டிருக்கும்போதே அதனைச் செய்யவேண்டும். ஆகவே தென்னஞ் சாராயமோ பனஞ் சாராயமோ ஒரு துளியும் கூடாது. செய்து முடிந்த போத்தலுக்குள் எதனையும் நாமாக ஊற்றவும் கூடாது. இந்த அளவின்படி பார்த்தால், வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பும் போர்ட் போத்தல் 19, 20 என்று இருப்பதால் பீடத்திற்கு உரியதல்ல. மூலிகை சேர்த்த வேர்மூத் போன்றவையும் ஆகாது. ஆயர் இல்லத்தினூடாக வரும், திருப்பலிக்கென்றே செய்த ரசத்தைக் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு. அதன் முகப்பில் மதுசார அளவு எழுதியிருக்கும். 12 என்றால் கிழமைக் கணக்கில் அல்ல, நாட்கணக்கில் யோசியுங்கள். 17, 18 என்றால் உங்களுக்கு அவகாசம் உண்டு.

அவகாசம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது போத்தலுக்குள் இருக்கும் காற்று. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு திருப்பலிக்கு ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் ரசம் போதும். 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 37 பூசைக்கு வரும். நாள்தோறும் பூசையுள்ள பங்கில் அது ஐந்து கிழமையில் முடிந்துவிடும். அங்கே பிரச்சினை குறைவு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூசையுள்ள கிராமத்திலோ அதே போத்தல் ஒரு வருடமும் நான்கைந்து மாதமும் நிற்கும். அதாவது குருவானவர் குறைவாக வரும் ஏழைக் கிராமத்திலேயே ரசம் அதிகம் பழுதாகும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ரசம் குறைந்து காற்று கூடுகிறது. தக்கையை இறுக்குவதால் உள்ளே ஏற்கெனவே புகுந்த காற்று வெளியேறப்போவதில்லை. போத்தல் பாதியாகும்போது மறுபாதி காற்று. அடுத்த முறை திறக்கையில் புதுக்காற்று மீண்டும் புகும்.

இதற்குப் பரிகாரம் காசில்லாதது. பெரிய போத்தலைத் திறக்கும் நாளிலேயே அதனைச் சிறு போத்தல்களில் பிரித்துவிடுங்கள். 60 மில்லிலீற்றர் கொள்ளும் கண்ணாடிப் போத்தல்கள் பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றும் மூன்று பூசைக்கு வரும். பிளாஸ்டிக் வேண்டாம், அதனூடாகக் காற்று மெல்லக் கசியும். பழைய மருந்துப் போத்தல்களை விடப் புதியவை நல்லது. பூச்சிகொல்லி, களைகொல்லி இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் இதற்கோ வேறெந்த உணவுக்கோ தொடவே வேண்டாம். எமது கமக்காரர் வீடுகளில் இது நடப்பதைக் கண்டிருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறோம். போத்தல்களையும் மூடிகளையும் கழுவி, போத்தல்களைப் பதினைந்து நிமிடம் நீரில் கொதிக்கவைத்து, கவிழ்த்து நன்றாக உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் ரசம் நீர்த்துப்போகும். கழுத்துவரை நிரப்புங்கள். வெயிலில் திரவம் விரியும் என்பதால் அரை விரல் இடம் மட்டும் விட்டால் போதும். இறுக்கி மூடி, திகதியை எழுதி ஒட்டி, நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் காற்றுப்படும் பரப்பு கூடும், உறைப்பான மதுசாரம் தக்கையையும் அரிக்கும்.

வைக்கும் இடம் இருட்டாகவும் குளிர்மையாகவும் இருக்கட்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை இறக்கி, இடையில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்துவந்தால் உள்ளே குளிர்மை நிற்கும். சோழகக் காற்று வரட்சியாக வீசும் மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் பலன் குறைவு. அப்போது வெப்பமும் குறைவுதான்.

இதே விதியை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். நெல்லி ரசம், எலுமிச்சை ரசம் செய்து விற்கும் எமது மகளிர் குழுக்கள் பெரிய போத்தலையே விரும்புகின்றன. மூடிச் செலவு குறைவு என்பது அவர்கள் நியாயம். வாங்கும் வீட்டிலோ குளிர்சாதனப்பெட்டி இல்லை. பழரசத்தில் மதுசாரக் காவலும் இல்லை, சீனியின் காவல் மட்டுமே உண்டு. திறந்து சில நாளில் நுரைக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, அடுத்த முறை அந்த வீடு வாங்குவதில்லை. கால் போத்தல்களில் அடைத்து, சற்று விலை கூட்டி விற்பதே இரு பக்கத்துக்கும் இலாபம். எண்ணெயும் அப்படியே. பாதி வெறுமையான பெரிய கலனில், அதுவும் வெயில்படும் இடத்தில் கிடந்தால், காற்றுப்பட்டுக் காறல் மணம் வரும். குறையக் குறையச் சிறிய போத்தலுக்கு மாற்றுங்கள். வினாகிரி மட்டும் விதிவிலக்கு. அது பயணத்தின் கடைசித் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டது, அதற்கப்பால் புளிக்க இடமில்லை. திறந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். மேலே வழுவழுப்பான ஆடை படர்ந்தால் வடித்துவிட்டுப் பாவிக்கலாம். அலுமினியம், நாகம் பூசிய தகரம் ஆகியவற்றில் மட்டும் வைக்கவேண்டாம், அமிலம் உலோகத்தைக் கரைக்கும்.

அந்த வன்னிக் கிராமத்திற்கு நாம் பின்னர் 18 அளவுள்ள திருப்பலி ரசம் ஒரு போத்தல் கொண்டுபோனோம். பெரியவரும் அவருடைய பேத்தியும் பன்னிரண்டு சிறு போத்தல்களைக் கொதிக்கவைத்து உலர்த்தி, கொப்பித் தாளில் திகதி எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள். மணற்பானைக்குள் அவை வரிசையாக இருந்தன. கடைசிப் போத்தலைத் திறந்தது 2012இல். அதற்குள் ஆலயத்திற்குச் சுவர் எழும்பிவிட்டது. ரசத்தின் நிறம் சற்றுப் பழுத்திருந்தது, கச்சான் மணம் இலேசாக இருந்தது, புளிப்பு இல்லை. பெரியவரிடம் முகரக் கொடுத்தோம். மூக்கருகே பிடித்துச் சிறிது நேரம் நின்றார்.

"நான் அண்டைக்குச் சொன்ன சாராயம்தானே சுவாமி இது" என்றார். "ஆர் விட்டது எண்டதிலைதான் வித்தியாசம்."